ஒன்பதும் பச்சை

தங்கபுஷ்பத்துக்கு வாய் சும்மா இருக்காது. தூத்துக்குடியில் பாதிப் பேருக்கு இது தெரியும். அவள் கடையில் கால் கிலோ மக்ரூன் வாங்கப் போனவர் திரும்பி வருவதற்குள் வீட்டில் காப்பி ஆறிப்போகும். மகன் எங்கே படிக்கிறான், மருமகள் எந்த ஊர், முழங்கால் வலிக்கு யாரிடம் காட்டினீர்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு, தன் பங்குக்கு நாலு யோசனையும் சொல்லித்தான் பொட்டலத்தைக் கையில் கொடுப்பாள். "எம் பொஞ்சாதி தூக்கத்துலயும் யாவாரம் பேசுவா" என்று அவள் புருஷன் ராஜமணி பெருமையாகவே சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு தடவைதான் அவளைப் போட்டு வதைக்கிறது.

ஜூரி என்பது நம் தாத்தாக்கள் காலத்திலேயே ஒழிந்துபோன சங்கதி. ஊரார் ஒன்பது பேரைக் கூட்டி உட்கார வைத்தால் சாதி பார்ப்பார்கள், காசு வாங்குவார்கள், பேப்பரில் வந்ததை நம்பித் தீர்ப்புச் சொல்வார்கள் என்று அதை அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டார்கள். பிறகு நீதிபதிகளையும் ஜனங்கள் நம்பாத காலம் ஒன்று வந்தது. கம்ப்யூட்டர் எழுதிக் கொடுப்பதை அவர்கள் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் ஐயமானி வந்தது. வாய் பொய் சொல்லும், மனசு சொல்லாது. ஆகவே ஜூரர்களின் வாயை விட்டுவிட்டு மனசிடம் நேராகவே கேட்டுவிடுவோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கொலை மாதிரியான பெரிய வழக்குகளுக்கு மட்டும் ஜூரி மறுபடி உயிர்பெற்றது. கடற்கரைப் பக்கம் அதற்கென்று புதிதாக ஒரு கோர்ட்டும் கட்டினார்கள்.

ஐயமானி பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. நெற்றியில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் எவர்சில்வர் டப்பா அளவில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு விளக்கு. எதிரி குற்றம் செய்தாரா என்பதில் அந்த ஜூரருக்கு ஐயம் இருந்தால் மஞ்சள் எரியும். இல்லையென்றால் பச்சை. அவரவர் விளக்கு அவரவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பதும் பச்சையானால் எதிரி குற்றவாளி. ஒன்றே ஒன்று மஞ்சளானாலும் விடுதலை. கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதுமே பாதித் தீர்ப்பு ஆகிவிடுகிறது, அதை யாரிடம் போய்ச் சொல்ல?

தங்கபுஷ்பத்துக்குச் சம்மன் வந்தபோது ராஜமணி முணுமுணுத்தார். அவளோ பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று கோர்ட்டில் ஐம்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். குலுக்கிப் போட்டுப் பேர் எடுத்து, ஒவ்வொருவராக எழுப்பி, இரண்டு பக்கத்து வக்கீலும் கேள்வி கேட்டார்கள். பிடிக்காதவரை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் எழுந்தார். அரசு வக்கீல் அவரை மேலும் கீழும் பார்த்து, "இவர் வேண்டாம்" என்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் தங்கபுஷ்பத்தின் காதில், "வாத்தியார்மாரு ஒவ்வொரு சொல்லையும் புடிச்சுக்கிட்டுத் தொங்குவாங்கன்னு பயம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு தங்கபுஷ்பம் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

அவளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வழக்கு இதுதான். கனகசபை என்று ஒரு லாரி செட் முதலாளி. அவரைத் தலையில் ஜாக்கிக் கம்பியால் அடித்துக் கொன்றிருந்தார்கள். எதிரி, அவரிடம் உப்பு லாரி ஓட்டிய மாசானமுத்து. மீசை சரியாக முளைக்காத முகம். முந்தின நாள் முதலாளி அவனை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார், அந்த ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்றது போலீஸ். செட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர்தான் முக்கிய சாட்சி. சம்பவத்தன்று பொழுது சாய்ந்த பிறகு அவன் சுவரேறிக் குதித்து ஓடியதைப் பார்த்தேன் என்றார்.

"கரண்ட் இல்லன்னு நீங்களே சொன்னீங்க. முகம் எப்படித் தெரிஞ்சது?" என்று எதிரியின் வக்கீல் கேட்டார்.

"ஒரு பைக்கு போச்சு சார். அந்த வெளிச்சத்துல பாத்தேன்."

"முகத்தையா?"

"ஓடுனது அவன்தான் சார். அந்த நடையே சொல்லும்."

ஓடினவனுக்கு ஏது நடை என்று தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. பையனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அழவில்லை, முறைக்கவும் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி நின்றான். கடற்கரையில் தனியாகப் படுத்திருந்தேன் என்றான். அதற்குச் சாட்சி கடல்தான் என்று அரசு வக்கீல் சொன்னதும் கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. செய்திருக்கவும் செய்யலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம் என்று அவள் மனசு அல்லாடியது.

சாட்சி விசாரணை முடிந்ததும் நீதிபதி அம்மாள் ஜூரர்கள் பக்கம் திரும்பினார். "நியாயமான ஒரு சிறு ஐயம் இருந்தாலும் அதன் பலன் எதிரிக்குத்தான். இதை மறக்காதீர்கள். உள்ளே போய்க் கலந்து பேசுங்கள்" என்றார்.

கலந்து எங்கே பேசினார்கள்? அறைக்குள் போனதும் ஒருவரை ஃபோர்மேனாக, அதாவது ஜூரியின் தலைவராக, தேர்ந்தெடுக்க வேண்டும். இரும்புக்கடை சிதம்பரவேல் அண்ணாச்சிக்குக் குரலும் உருவமும் பெரிசு. எல்லாரும் அவர் பக்கம் கையைக் காட்டினார்கள். அவர் மேசையைத் தட்டி, "இதுல பேச என்ன இருக்கு? அடி வாங்குனவன் திருப்பி அடிச்சிருக்கான். சாட்சி கண்ணால பாத்திருக்காரு. யாராவது எதாவது சொல்லணும்னா சொல்லுங்க" என்றார்.

தங்கபுஷ்பத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு பைக் வெளிச்சத்தை நம்பி ஒரு பையனை ஆயுளுக்கும் உள்ளே தள்ளுவதா? சொல்லியிருக்கலாம். ஆனால் கோர்ட்டு வாசலில் கனகசபையின் மச்சான்மார் கூட்டமாக நின்றுகொண்டு போகிற வருகிற ஜூரர்களின் முகத்தை அளவெடுத்தது கண்ணில் நின்றது. அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது. நாம் எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்? மனசில் இருப்பதை மெஷின்தான் படித்துவிடுமே. நம்முடைய மஞ்சள் ஒன்று போதும், பையன் வெளியே வந்துவிடுவான், யார் விளக்கென்றும் யாருக்கும் தெரியாது.

வாயாடி தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டு சேலை முந்தியின் நூலைப் பிய்த்தாள். மற்ற ஏழு பேரும் அப்படித்தான் எதையோ பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயமானியைக் கவனிக்கிற பெண், பெனிட்டா, வந்து பட்டையைக் கட்டிவிட்டாள். "மாசானமுத்து இந்தக் கொலையைச் செய்தாரா?" என்று பெட்டிக்குள் ஒரு குரல் கேட்டது. தங்கபுஷ்பம் மஞ்சளை எதிர்பார்த்துக் கண்ணை விரித்தாள்.

பச்சை எரிந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அடுத்த கணம் (இதுதான் கொடுமை) நெஞ்சு லேசானது. ஓஹோ, உள்ளுக்குள் நமக்கு நிச்சயமாகத்தான் இருந்திருக்கிறது, நமக்கே தெரியவில்லை, படித்தவர்கள் செய்த மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது! பெட்டிகளின் பதிவுகளுக்கு முத்திரை வைக்கும் முன்பு பெனிட்டா விதிப்படி கேட்டாள்: "யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இருந்தா இப்பச் சொல்லலாம்." அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

ஆயுள் தண்டனை. நீதிபதி அம்மாள் அதை வாசித்ததும் பையன் கூண்டிலிருந்து ஜூரர்கள் பக்கம் திரும்பினான். முதல் வரிசையில் தங்கபுஷ்பம்தான் இருந்தாள்.

"ஒம்பது பேருல ஒருத்தருக்குக்கூட இல்லையாக்கா?" என்று கேட்டான்.

போலீஸ்காரர் அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் மக்ரூன் கடை அமைதியாகிவிட்டது. வாங்க வந்தவர்கள் பொட்டலத்தை உடனே பெற்றுக்கொண்டு, இந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். ராஜமணி கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார். அவரிடம்கூட அவளால் சொல்ல முடியவில்லை. ஜூரி அறையில் நடந்ததை வெளியே மூச்சு விட்டால் ஆறு மாதம் ஜெயில் என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் என்னவென்று சொல்லுவாள்? ஒருத்தருக்குக்கூட இல்லையாக்கா. மாவு பிசைந்தாலும் அதுதான் கேட்டது, சாமி கும்பிட்டாலும் அதுதான் கேட்டது.

மழைக்காலம் பிறந்தது. ஒருநாள் காலை கடையின் பின்கட்டில் ராஜமணிக்கும் பேக்கரி மாஸ்டர் அருளப்பனுக்கும் முட்டை விஷயமாக வாக்குவாதம். தங்கபுஷ்பம் வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த முட்டைக்காரன் பழைய முட்டையைக் கலக்குதானோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு மாஸ்டர்" என்றார் ராஜமணி.

"எனக்கும் சந்தேகந்தான் மொதலாளி."

"பாத்தேரா! ஒமக்கும் சந்தேகம். நாளையிலேர்ந்து அவனை நிப்பாட்டிருவோம்."

"அய்யய்யோ, நான் அதச் சொல்லல. அவரு அப்படிச் செய்வாரான்னு எனக்குச் சந்தேகம்ங்கேன்."

"அதைத்தானய்யா நானும் சொல்லுதேன்!"

"எங்க மொதலாளி? நீங்க செஞ்சிருப்பாருங்கீங்க, நான் செஞ்சிருக்க மாட்டாருங்கேன். ரெண்டும் ஒண்ணா?"

"என்னய்யா கொழப்புதீரு! சந்தேகம்னா சந்தேகந்தான."

தங்கபுஷ்பத்தின் கை நின்றது. பாத்திரத்தில் நுரை மெல்ல அமுங்கியது. அவளுக்கு ஜூரி வேலையின் முதல் நாள் ஞாபகம் வந்துவிட்டது. சின்ன அறை, எதிரே பெனிட்டா, கையில் அரசாங்கம் அச்சடித்த அட்டை.

அன்று பெனிட்டா அட்டையைப் பார்த்து வாசித்தாள். "தங்களுக்கு ஐயம் ஏற்பட்ட நிகழ்வொன்றை மனத்தில் இருத்துக."

"என்னம்மா ஏற்பட்ட?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

பெனிட்டா சிரித்தாள். "எல்லாரும் இதையேதான் கேக்காங்கக்கா. ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி. ஒங்களுக்கு ஐயம் வந்தா எப்படி இருக்கும்னு மெஷினுக்கு மொதல்ல சொல்லிக் குடுக்கணும், அதுக்குத்தான். ஐயம்னா சந்தேகம்க்கா. நீங்க யாரு மேலயாச்சும் சந்தேகப்பட்டிருப்பீங்கல்லா? அதை நல்லா நெனைச்சுக்கோங்க."

கேட்க வேண்டுமா? தங்கபுஷ்பத்துக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அவளுடைய சிவப்புக்கல் கம்மல் காணாமல் போன அன்று வீட்டுக்கு வந்திருந்தது நாத்தனார் பூரணம் ஒருத்திதான். அவள்தான், அவளேதான் எடுத்தாள்! மனசு கொதிக்கக் கொதிக்க நினைத்தாள். "சூப்பர்க்கா, நல்லாப் பதிஞ்சிருச்சு" என்றாள் பெனிட்டா.

அடிப்பாவி! அது ஐயமா? பூரணம் எடுத்தாள் என்பதில் அவளுக்கு எள்ளளவும் ஐயம் கிடையாதே!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த பெனிட்டாவைத் தங்கபுஷ்பம் அவள் வீட்டு வாசலிலேயே பிடித்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"யக்கா, நீங்க இதை எங்கிட்டச் சொல்லவே கூடாது. ஒங்களுக்கு ஜெயிலு, எனக்கு வேலை போயிரும்."

"போட்டும். மொதல்ல பதில் சொல்லு. அந்தப் பையன் செஞ்சானான்னு எனக்கு நிச்சயமே இல்ல. எனக்கு எப்படிப் பச்சை வந்துச்சு?"

பெனிட்டா கட்டிலில் உட்கார்ந்து விரல்களை நெரித்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான்க்கா மெஷினுக்குத் தெரியும். ஒருத்தரை நெனைச்சு, இவதான்னு மனசு கொதிச்சீங்கல்லா? அந்தக் கொதிப்புக்குத்தான் ஐயம்னு பேரு வச்சிருச்சு. அது வந்தா மஞ்சள் போடும். பையனைப் பத்திக் கேட்டப்ப ஒங்ககிட்ட அந்தக் கொதிப்பு இல்ல. பச்சை போட்ருச்சு."

"அப்ப நான் அவனை நல்லா வெறுத்திருந்தா?"

"மஞ்சள் எரிஞ்சிருக்கும். தப்பிச்சிருப்பான்."

தங்கபுஷ்பம் தலையில் கை வைத்தாள். பாவம் பார்த்ததால் ஒருத்தனை உள்ளே தள்ளிய கதையை எங்காவது கேட்டதுண்டா!

"நான் நல்லதுக்குத்தானக்கா சொன்னேன்" என்று பெனிட்டா அழ ஆரம்பித்தாள். "அட்டையில உள்ளதை மட்டும் வாசின்னுதான் உத்தரவு. அது யாருக்கும் புரியல. பாவமேன்னு பேச்சுத் தமிழ்ல சொன்னேன்."

"எனக்கு மட்டுந்தான் அப்படிச் சொன்னியா?"

பெனிட்டா அழுகையை நிறுத்தினாள். கண்கள் எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல் அசைந்தன. "ஒம்பது பேருக்கும் சொன்னேன்" என்றாள். பிறகு குரல் இறங்கிப்போனது. "அக்கா... அவன்தான் செஞ்சான்னு யாராச்சும் ஒருத்தர் நெஜமாவே நம்பியிருந்தா, அவருக்கு மஞ்சள் எரிஞ்சிருக்கணும். ஒண்ணுகூட எரியல. ஒம்பதும் பச்சை."

அந்த அறையில் இருந்த ஒருத்தர்கூட அதை நம்பியிருக்கவில்லை. தனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது என்று ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெளியே பேசக்கூடாது என்ற சட்டம் அவரவரை அவரவர் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டது.

முத்திரையை உடைத்துப் பார்க்க வேண்டுமானால் ஃபோர்மேன் போய் நீதிபதியிடம் கேட்க வேண்டும், வேறு யார் கேட்டாலும் செல்லாது என்றாள் பெனிட்டா. கேட்டால் நானும் வந்து உள்ளதைச் சொல்லுகிறேன், வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னாள்.

மறுநாள் தங்கபுஷ்பம் இரும்புக்கடைக்குப் போனாள். சிதம்பரவேல் அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தேவிட்டார்.

"யம்மா, நாம பாத்துக்கிட்டதே தப்பு. போயிருங்க."

"அண்ணாச்சி, ஒரே ஒரு விஷயம். சொல்லிட்டுப் போயிருதேன்." அவள் விடவில்லை. முட்டைச் சண்டையில் ஆரம்பித்துப் பெனிட்டா சொன்னது வரைக்கும் கடகடவென்று கொட்டினாள். எத்தனையோ வாரம் கழித்து வாய் திறந்திருந்தது.

அவர் முகம் இறுகியது. "ஒங்களுக்கு நிச்சயம் இல்லாம இருந்திருக்கலாம். எனக்கு இருந்துச்சு. அவந்தான் செஞ்சான். அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்லுதேன்."

"அப்படியா? ஒங்களுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு? யாரு மேலயாச்சும் சந்தேகப்பட்டதை நெனைக்கச் சொல்லிச்சா?"

"ஆமா. எங்கிட்ட வேலை பாத்தவன் ஒருத்தன் செம்புக் கம்பியைக் களவாண்டான். அதை நெனைச்சேன்."

"களவாண்டது அவந்தான்னு ஒங்களுக்கு நிச்சயம்?"

"கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன்."

"சரி. பையன் விஷயத்துல ஒங்களுக்கு என்ன வெளக்கு எரிஞ்சுது?"

"பச்சைதான். எல்லாருக்கும் பச்சைன்னுதான தீர்ப்பே வந்துச்சு."

"செம்புக் கம்பிக்காரன் மாதிரியே இவனையும் நம்பியிருந்தீங்கன்னா மஞ்சள்லா வந்திருக்கணும் அண்ணாச்சி?"

அண்ணாச்சி ஆணி வாங்க வந்தவரை, "நாளைக்கு வாரும்" என்று விரட்டினார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அத்தனை பெரிய மனிதர் சின்னதாகிப்போன மாதிரி இருந்தது.

"அவன் எங்க சாதிக் கோயிலுக்கு வரி குடுக்குற குடும்பம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "விசாரணை பாதியிலதான் எனக்கே தெரிஞ்சுது. அப்பமே நீதிபதிகிட்டச் சொல்லி வெலகியிருக்கணும். சொல்லல. நான் அவனுக்காக ஒரு வார்த்தை பேசுனா, நம்ம ஆளுன்னு காப்பாத்திட்டாம்பாங்க. வெட்கமாப் போச்சு. அதான் எல்லாருக்கும் முந்தி மேசையைத் தட்டுனேன். வேற யாராவது எந்திரிச்சு, அது எப்படி அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்துச்சு. சத்தியமாச் சொல்லுதேன், ஒங்க மொகத்தைத்தான் பாத்தேன். கடையில அவ்வளவு பேசுவீங்களே, நீங்க கேப்பீங்கன்னு நெனைச்சேன்."

அவளுக்கு அது அறைந்த மாதிரி இருந்தது. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குப் போவோம். ஜெயிலுன்னா ஜெயிலு" என்றார்.

ஜெயிலுக்கெல்லாம் போகவில்லை. நீதிபதி அம்மாள் ஒன்பது பேரையும் வரவழைத்து, பெனிட்டாவை விசாரித்து, முத்திரையை உடைத்துப் பதிவுகளைப் பார்த்தார். ஜூரர்களை அவர் திட்டாதது தங்கபுஷ்பத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஐயமானி உங்களுக்குப் பதிலாக வைக்கப்பட்டது அல்ல. கலந்து பேசுங்கள் என்று அன்று சொல்லித்தான் அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார். தீர்ப்பு ரத்தானது. புது ஜூரி கூடி வழக்கு முதலிலிருந்து நடக்கும். அதுவரை மாசானமுத்து பாளையங்கோட்டை ஜெயிலில்தான் இருக்க வேண்டும். பெனிட்டாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அட்டையில் இருந்த ஐயத்தை யாரும் திருத்தியதாகத் தெரியவில்லை.

பையன் உண்மையில் செய்தானா? அது தங்கபுஷ்பத்துக்கு இன்றைக்கும் தெரியாது. செய்தானோ என்னவோ. அவனுக்குச் சேர வேண்டியது அந்த "என்னவோ" ஒன்றுதான், அதைத்தான் ஒன்பது பேரும் அவனுக்குக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

உத்தரவைக் கேட்க அவனையும் கூட்டி வந்திருந்தார்கள். வெளியே வரும்போது தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டான். ஆள் பாதியாகிவிட்டான். முன்பல் ஒன்றைக் காணோம். அது எப்படிப் போனது என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. போலீஸ்காரர் வேனுக்காக அவனை அங்கேயே நிறுத்தினார். தங்கபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, அன்னைக்கு நீ ஒண்ணு கேட்டியே" என்றாள். "ஒருத்தருக்கு மட்டும் இல்லப்பா. ஒம்பது பேருக்கும் இருந்துச்சு."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் தோளுக்குப் பின்னால் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தான். பிறகு மற்றவர்களை, ஒவ்வொரு முகமாக.

"ஒம்பது பேருக்குமா?"

"ஆமாப்பா."

"அப்ப ஏன்க்கா ஒருத்தர்கூட வாயைத் தொறக்கல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான். மெஷின் சொல்லிவிடும் என்றிருந்தோம் என்று தங்கபுஷ்பத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பல் இல்லாத வாயைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அவள் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணாச்சி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார், அவர் தனக்கு அடுத்தவரைப் பார்த்தார். ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேறு யாராவது பதில் சொல்லட்டும் என்று நின்றார்கள். வேன் வந்ததும் போலீஸ்காரர் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.